வெளிச்சத்தைத் தின்னும் கண்ணாடி

போன மாதம் பெரியப்பா வீட்டு அக்காவுக்குக் கல்யாணம். ட்ரோன் வைத்து வீடியோ எடுக்க ஒரு அண்ணன் வந்திருந்தார். வீடியோ கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். காலையில் எடுத்ததெல்லாம் சும்மா சொல்லக்கூடாது, சினிமா மாதிரியே இருந்தது. ஆனால் சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தபோது எடுத்தது மட்டும் ஒரே புள்ளி புள்ளியாக, மணலை அள்ளித் தூவினது மாதிரி இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து கையாட்டுகிற அப்பத்தா வெறும் கறுப்பு உருவம். முட்டிவலியால் அப்பத்தா மண்டபத்துக்கே வரவில்லை. முழு வீடியோவிலும் அவர் வருகிற ஒரே இடம் அதுதான்.

அந்த அண்ணனுக்கு போன் போட்டேன்.

"மன்னிச்சுக்க தம்பி. என்.டி.யைக் கழட்ட மறந்துட்டேன்."

"என்.டி.ன்னா என்னண்ணே?"

"லென்ஸுக்கு முன்னால போடுற ஃபில்டர். வெளிச்சத்தைக் குறைக்கும்."

"வெளிச்சத்தை எதுக்குக் குறைக்கணும்?"

"குறைச்சாத்தான் நல்லா வரும்."

நான் படிப்பது காமர்ஸ். காசு கொடுத்து கேமரா வாங்கி, அதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் காசு கொடுத்து ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, வருகிற வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்புவது என்ன வியாபாரம் என்று எனக்குப் புரியவே இல்லை. தேட ஆரம்பித்தேன். தேடல் 1858ஆம் ஆண்டு பாரிஸ் பக்கத்தில் ஒரு பலூனில் போய் நின்றது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

வானத்திலிருந்து முதன்முதலில் படம் எடுத்தவர் நாடார். நம்மூர் நாடார் இல்லை, பிரெஞ்சுக்காரர்! காஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்நாஷோன் என்பவர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. கயிற்றில் கட்டிய பலூனில் ஏறி முதலில் எடுத்த தட்டுகள் எல்லாம் கறுத்துப் போயின. திரும்பத் திரும்ப ஏறினார், திரும்பத் திரும்பக் கறுப்பு. பலூனிலிருந்து கசிந்த வாயுவில் இருந்த கந்தகக் கலவை, தட்டில் பூசிய வெள்ளி உப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வாயு வரும் வழியை மூடிவிட்டு எடுத்தார், படம் விழுந்தது. அந்தப் படம் இன்று இல்லை. இன்றைக்கு நம்மிடம் இருப்பதில் பழையது 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பவர் பாஸ்டன் நகரத்தின் மேலிருந்து எடுத்தது.

அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு ஒரு பெரிய குறை. அவற்றுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டும்தான் தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் இருட்டு மாதிரிதான். தரையில் ஆளை உட்காரவைத்து எடுக்கும்வரை இது பெரிய தொல்லை இல்லை. மேலே போனால்தான் வினையே. ஏனென்றால் காற்று, நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கிறது. ராலே பிரபு 1871இல் போட்ட கணக்குப்படி, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் ஒளி சிதறும். 400 நானோமீட்டர் ஊதா, 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும். தூரத்து மலை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். கீழே நின்று பார்க்கும் நமக்கு அந்த நீல மூட்டம் தொடுவானத்தில் மட்டும் இருக்கிறது. மேலே இருப்பவனுக்கு, அவனுக்கும் ஊருக்கும் நடுவில் முழுக்க அதுதான். நீலம் மட்டுமே தெரிகிற தட்டை அங்கே கொண்டுபோனால், அது ஊரை விட்டுவிட்டுக் காற்றைத்தான் படம் எடுக்கும்.

நடுவில் நடந்த வேடிக்கைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1888இல் ஆர்தர் பாட்யூ பட்டத்தில் கேமராவைக் கட்டினார். நாய்ப்ரோன்னர் என்ற ஜெர்மன் மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பில் கேமரா கட்டிப் பறக்கவிட்டார். (உண்மையான முதல் ட்ரோன் அதுதான் என்பேன். பேட்டரி சார்ஜ் போட வேண்டாம், தானியம் போட்டால் போதும்.)

உண்மையான மாற்றம் வேதியியல் கூடத்தில் நடந்தது. 1873இல் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைக் கலந்தால் தட்டுக்குப் பச்சையும் தெரியும் என்று கண்டுபிடித்தார். பின்னால் வந்தவர்கள் அதைச் சிவப்புவரை இழுத்தார்கள். எல்லா நிறமும் தெரிகிற பான்குரோமாட்டிக் தட்டை 1906இல் இங்கிலாந்தில் குராய்டன் ஊரிலிருந்த ராட்டன் அண்ட் வெயின்ரைட் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடவே சாயம் ஏற்றிய ஜெலட்டின் ஃபில்டர்களும். இன்றைக்கும் ஃபில்டருக்கு எண் சொல்லும்போது ராட்டன் 12, ராட்டன் 25 என்கிறார்களே, அந்த ராட்டன்தான்.

இங்கே எங்கள் டிபார்ட்மெண்டுக்குப் பிடித்த ஒரு சங்கதி. அந்தக் கம்பெனியின் மூளை கென்னத் மீஸ் என்ற இளம் விஞ்ஞானி. கோடக்கின் ஜார்ஜ் ஈஸ்ட்மேன், அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் தொடங்க அவரைக் கூப்பிட்டார். இந்தக் கம்பெனியையும் சேர்த்து வாங்கினால் வருகிறேன் என்றார் மீஸ். 1912இல் ஈஸ்ட்மேன் வாங்கியே விட்டார்! ஓர் ஆளை எடுப்பதற்காகக் கம்பெனியையே வாங்குவதை நேற்றைய சாஃப்ட்வேர்காரர்கள் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள்.

ஆக, எல்லா நிறமும் தெரிகிற தட்டு ஒரு பக்கம், வேண்டாத நிறத்தைத் தடுக்கிற கண்ணாடி இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுக்கும், மூட்டம் போய்விடும், மிச்சமிருக்கும் பச்சையிலும் சிவப்பிலும் கீழே இருப்பது தெளியும். இந்த வகைக்குப் பெயரே 'மைனஸ் ப்ளூ'. பழைய நீலத் தட்டில் மஞ்சள் ஃபில்டரைப் போட்டிருந்தால் ஒன்றும் விழுந்திருக்காது. நாடாரிடம் உலகத்திலேயே சிறந்த ஃபில்டரைக் கொடுத்திருந்தாலும் வீண்தான்.

இரண்டு வருடத்தில் முதல் உலகப்போர் வந்துவிட்டது. 1915 மார்ச்சில் நூவ் ஷாப்பெல் சண்டைக்கு முன்னால் பிரிட்டிஷ் படை, ஜெர்மன் பதுங்குகுழிகளை விமானத்திலிருந்து படம் எடுத்து வரைபடம் போட்டது. அதற்குப் பிறகு படம் எடுக்காமல் எந்தப் பெரிய தாக்குதலும் இல்லை என்ற நிலை. சுட்டு விழுத்துகிறார்கள் என்று விமானங்கள் உயரப் போகப் போக, நடுவில் மூட்டம் கூடிக்கொண்டே போனது. ஃபில்டர் அத்தியாவசியம் ஆனது இப்படித்தான். அமெரிக்கப் படையில் இந்த வேலையைப் பார்த்த ஹெர்பர்ட் ஐவ்ஸ் 1920இல் விமானப் புகைப்படக்கலை பற்றி ஒரு புத்தகமே போட்டார். அதில் மூட்டத்துக்கும் ஃபில்டருக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறார்.

ஆனால் ஃபில்டர் இலவசமாக எதையும் தராது. நீலத்தைத் தடுத்தால் மொத்த வெளிச்சம் குறைகிறது. ஈடுகட்ட ஷட்டரை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கூட நேரம் திறந்துவைக்க வேண்டும். விமானம் நிற்காதே! மணிக்கு 160 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 44 மீட்டர். நூறில் ஒரு நொடி ஷட்டர் திறந்தால் விமானம் 44 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். மூன்று மடங்கு திறந்தால் 1.3 மீட்டர். முள்வேலிக் கம்பமும் ஒற்றையடிப் பாதையும் தேடுகிறவனுக்கு அது பெரிய இழப்பு. ஃபில்டர் போட்டால் படம் தெளியும், ஆனால் இழுபடும். போடாவிட்டால் கூர்மையாக இருக்கும், ஆனால் மூட்டத்தில் ஒன்றும் தெரியாது. அந்தப் படத்தை நம்பித்தான் காலையில் ஆட்கள் குழியை விட்டு வெளியே ஏறப்போகிறார்கள். வெளிச்சம் என்பது அவர்களுக்கு முதல் மாதிரி. ஒவ்வொரு துளியையும் எண்ணித்தான் செலவழித்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதே சமயத்தில் படமே எடுக்காத ஒருவர் ஒரு ஃபில்டரை வைத்து ஒரு பெரிய கேள்வியைத் தீர்த்தார். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன்தான். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்புகிறார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புத்தான் என்று ராலே சொல்லியிருந்தார். ராமன் தன் பையிலிருந்த நிக்கல் பட்டகத்தை எடுத்தார். (இந்த நிக்கல் உலோகம் இல்லை, கண்டுபிடித்தவரின் பெயர்.) அது ஒளியின் ஒரு தளத்து அதிர்வை மட்டும் உள்ளே விடும். நீர்ப்பரப்பில் பட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தெறிக்கிற ஒளியை அதைத் திருப்பினால் அணைத்துவிடலாம். செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி அந்தக் கோணம். அப்படி அணைத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, முன்னைவிட அடர்த்தியாகவே. அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. கப்பல் பம்பாய் வந்ததும் நேச்சர் இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டார். அந்தச் சிதறல் ஆராய்ச்சிதான் 1928இல் ராமன் விளைவில் போய் முடிந்தது.

இன்றைக்கு ட்ரோன் பெட்டியில் சி.பி.எல். என்று ஒரு கண்ணாடி இருக்கிறதே, அது செய்வது ராமன் கப்பலில் செய்த அதே வேலை. என்ன, நிக்கல் பட்டகம் சின்னது, விலை அதிகம். எட்வின் லேண்ட் என்ற பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1929இல் பிளாஸ்டிக் தாளில் அதைச் செய்யக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தான். பின்னால் போலராய்ட் கம்பெனி தொடங்கியவர் அவர்தான்.

இரண்டாம் உலகப்போரில் ஃபில்டர் இன்னொரு படி ஏறியது. இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பீரங்கியின் மேல் பச்சை வலையைப் போர்த்தினால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மரம் மாதிரியே இருக்கும். ஆனால் உயிருள்ள இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இலைக்குள் இருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் செய்கிற வேலை அது. அன்றைய பச்சைப் பெயிண்டுக்கு அது இல்லை. கோடக் ஒரு மூன்று அடுக்கு ஃபிலிம் செய்தது. பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு என்று ஆளுக்கொரு அடுக்கு. கழுவி எடுத்தால் அகச்சிவப்பு சிவப்பாகத் தெரியும். காடு முழுக்கக் குங்குமமாக இருக்கும், அதன் நடுவில் பீரங்கி மட்டும் நீலம் பூத்து உட்கார்ந்திருக்கும். ஆனால் இந்த மூன்று அடுக்குக்கும் நீலத்தின் மேல் ஒரு சபலம் உண்டு. நீலம் உள்ளே வந்தால் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடும். அதனால் முன்னால் மஞ்சள் ஃபில்டர் இல்லாமல் அந்த ஃபிலிமைப் போடவே கூடாது. அதே பழைய ராட்டன் 12!

போர் முடிந்த பிறகு ராபர்ட் கோல்வெல் என்ற கலிஃபோர்னியப் பேராசிரியர் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். செத்த இலையையும் உயிருள்ள இலையையும் பிரிக்கும் என்றால், நோயாளி இலையையும் பிரிக்குமா? தானியப் பயிர்களின் நோயை வானத்திலிருந்து கண்டுபிடிக்கலாம் என்று 1956இல் எழுதினார். 1969இல் அப்பல்லோ 9 பூமியைச் சுற்றியபோது நான்கு ஹாஸல்பிளாட் கேமராவைச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபில்டர் போட்டு ஒரே இடத்தை ஒரே நொடியில் எடுத்தார்கள்.

அடுத்த வருடமே அது நம் பக்கத்து வீட்டுக்கு வந்தது. கேரளத்தில் தென்னைக்கு வேர்வாடல் என்று ஒரு நோய். 1882 வெள்ளத்துக்குப் பிறகு தலைகாட்டியது என்பார்கள். மரம் உடனே சாகாது. ஓலை தொங்கும், மஞ்சளாகும், காய் குறையும், வருடக்கணக்கில் சும்மா நின்று இடத்தை அடைக்கும். மருந்து கிடையாது. நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதையாவது செய்ய முடியும். ஒவ்வொரு தோப்பாக ஏறி இறங்கி எப்போது எண்ணி முடிப்பது? 1970இல் பிஷாரடி என்ற விஞ்ஞானி, காயங்குளம் பக்கம் ஹெலிகாப்டரில் அகச்சிவப்பு வண்ண ஃபிலிமைப் போட்டுத் தோப்புகளை எடுக்கவைத்தார். நல்ல மரத்தின் தலை சிவப்பு, நோய் மரத்தின் தலை வேறு நிறம். இந்தியாவின் தொலையுணர்வுத் துறையே அந்தத் தென்னந்தோப்பில்தான் தொடங்கியது என்று சொல்கிறார்கள். இந்தப் பிஷாரடி யாரிடம் வேலை பார்த்தவர் தெரியுமா? பெங்களூரில் சி.வி.ராமனிடம்!

அந்த நோய் இன்றைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் பொள்ளாச்சித் தோப்புகளுக்கும் வந்துவிட்டது. நம்மாட்கள் கேரள வாடல் என்கிறார்கள். ஃபிலிம்தான் போய்விட்டது. 2019இல் வந்த டி.ஜே.ஐ. விவசாய ட்ரோன் ஒன்றில் சாதாரண கேமராவோடு ஐந்து சின்ன கேமராக்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குறுகிய நிறத்தை மட்டும் விடும் ஃபில்டர். அப்பல்லோ 9இன் பேரப்பிள்ளை.

சரி, அண்ணனின் கறுப்புக் கண்ணாடிக்கு வருவோம். என்.டி. என்பது எந்த நிறத்தையும் பிரிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே அளவாகக் குறைக்கிறது. அந்தப் பெயரில் இருக்கும் அடர்த்தி என்ற கருத்து, இங்கிலாந்தின் விட்னெஸ் ஊரில் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹர்டரும் டிரிஃபீல்டும் 1890இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது. வெளிச்சத்தை மடக்கையில் அளந்தார்கள். அதனால்தான் ஒரே கண்ணாடியில் சில கம்பெனி 8 என்றும் சில கம்பெனி 0.9 என்றும் போடுகின்றன. எட்டில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும், எட்டின் மடக்கை 0.9. இரண்டு கண்ணாடியைச் சேர்த்தால் முதல் எண்ணைப் பெருக்க வேண்டும், இரண்டாவதைக் கூட்ட வேண்டும். பிளஸ் டூ லாக் டேபிளுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று யார் கண்டது!

ஏன் குறைக்க வேண்டும்? பழைய சினிமா கேமராவில் ஷட்டர் என்பது சுழலும் தட்டு. அதில் பாதி வட்டம் திறப்பு. நொடிக்கு 24 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 48இல் ஒரு நொடி வெளிச்சம். அந்த நேரத்துக்குள் அசைவது கொஞ்சம் இழுபடும். அந்த இழுபடலைத்தான் நம் கண் 'சினிமா' என்று பழகிவிட்டது. ட்ரோன் கேமரா பலவற்றில் லென்ஸின் வாய் மாறாது. எஃப் 2.8 என்றால் எப்போதும் 2.8தான். நல்ல வெயிலில் எஃப் 16இல், ஐ.எஸ்.ஓ. 100இல், நூறில் ஒரு நொடி சரியாக இருக்கும் என்பது புகைப்படக்காரர்களின் பழைய கணக்கு. அதை 2.8க்கு மாற்றினால் 3200இல் ஒரு நொடி. ஒவ்வொரு படமும் கத்தியால் வெட்டினது போல விழும், ஓட்டினால் வெட்டி வெட்டிப் போகும். போதாக்குறைக்கு, சென்சார் வரிவரியாகப் படிக்கிறது. மோட்டார் அதிர்ந்தால் படம் ஜெல்லி மாதிரி ஆடும். ஷட்டர் வேகமாக இருக்க இருக்க அந்த ஆட்டம் அப்பட்டமாகத் தெரியும். 3200ஐ 50 ஆக்க வேண்டுமென்றால் 64ஆல் வகுக்க வேண்டும். அதுதான் என்.டி. 64.

பாருங்கள், முதல் உலகப்போரில் மஞ்சள் கண்ணாடி தின்ற வெளிச்சத்துக்காக அழுதார்கள். படம் இழுபடக் கூடாது என்று ஏங்கினார்கள். இப்போது வெளிச்சத்தைத் தின்பதற்கென்றே கண்ணாடி வாங்குகிறோம், படம் இழுபட வேண்டும் என்பதற்காகவே!

வாங்கப் போகிற நண்பர்களுக்கு நான் தெரிந்துகொண்டது: உச்சி வெயிலுக்கு 32 அல்லது 64, மேகமாக இருந்தால் 8 அல்லது 16. இது லென்ஸைப் பொறுத்து மாறும். எஃப் 1.7 லென்ஸ் என்றால் இன்னும் கறுப்பாக வேண்டும். வீடியோவுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். போட்டோ மட்டும் எடுப்பதென்றால் என்.டி. வேண்டவே வேண்டாம். நிலம் அளக்க எடுக்கிற படத்துக்கு அது கெடுதலே செய்யும், கூர்மை போய்விடும். சி.பி.எல். தரையில் திருப்பி வைத்துவிட்டுத்தான் பறக்கவிட முடியும். ட்ரோன் திரும்பினால் பலன் மாறும், அகலமான வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும். குளம், கடல், ஈர வயலுக்கு மேல் அது அருமை. யு.வி. ஃபில்டர் தூசிக்கு மட்டும்தான் உதவும். நாடாரின் தட்டு எதை வைத்துப் படம் எடுத்ததோ, அந்தப் புற ஊதாவை இன்றைய கேமரா ஏற்கெனவே உள்ளேயே தடுத்துவிடுகிறது. மலிவான கறுப்பு என்.டி. சில, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை விட்டுவிடும். கறுப்புச் சேலை செம்பழுப்பாக வந்தால் அதுதான் காரணம். எடையும் முக்கியம். கேமராவைத் தாங்கும் குட்டி மோட்டார்களுக்கு ஓரிரு கிராம்கூட பாரம்.

பிறகு அப்பத்தா ஏன் கறுத்தார் என்பதும் கணக்கில் வந்துவிட்டது. அண்ணன் மாட்டியிருந்தது 16. பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம். அந்தி நேரத்தில் கேமரா அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வைப் பதினாறு மடங்கு ஏற்றியிருக்கிறது. 100இல் முடிய வேண்டியது 1600க்குப் போயிருக்கிறது. அந்தச் சின்ன சென்சாருக்கு அது தாங்காது.

இதையெல்லாம் அண்ணனிடம் ஒரு மூச்சில் சொன்னேன். ராலே, ராமன், லாக் டேபிள் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ரிமோட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது: "5.30 - கழட்டு".

"உங்க வீட்டு வீடியோவுக்கு அப்புறம் ஒட்டினது தம்பி" என்றார்.